எல்லாரையும் கலந்து ஒட்டிய சுவர்

கலர் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. (கொஞ்சம் என்று சொன்னது தன்னடக்கம்.) அப்பாவுக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் மேட்சிங் ப்ளவுஸ் கடை. சேலையைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தால் அப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு பார்வை. திரும்பி நின்று அலமாரியிலிருந்து ஒரு துணியை உருவிப் போடுவார். சேலை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று கட்டப் போகிறவருக்கே தெரியாது. "சந்தேகம்னா வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாத்துக்கங்கம்மா" என்பார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஆள் கிடையாது.

அந்தக் கண் எனக்கும் வந்திருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், கடையில் உட்கார்ந்து லைனிங் துணி கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை இல்லாதவனுக்குத் திறமை மட்டும் அதிகமாகவே இருக்கும். டீக்கடைக்குப் போனால் டீயின் நிறத்தைப் பார்த்து, "அண்ணே, இது காலையில போட்ட டீ மாதிரி இல்லையே, ஷேடு மாறுதே" என்று சொல்கிற அளவுக்கு முற்றிப் போயிருந்தேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் எங்கள் அக்கா தேவி தன் புது வீட்டுச் சுவரை நம்பி ஒப்படைத்தாள்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரையைத் தாண்டி, ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் அக்கா ஒரு மனை பார்த்தாள். அவள் மாமனாருக்கு அது அறவே பிடிக்கவில்லை. அவர் கே.கே. நகரில் சொந்த வீட்டில் இருப்பவர். "வயக்காட்டுல வீடு கட்டுனா ஓதம் ஏறும்மா. கீழ இருந்து ஈரம் ஏறி, செவரு பூரா பாசி புடிச்சுப் போகும். என் வீட்டைப் பாரு, மேட்டு நிலம், ஒரு பொட்டு ஈரம் உண்டா?" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அக்காவும் விடவில்லை. "ஓதம் வந்துச்சுன்னா மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துர்றேன் மாமா" என்று சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த ஒரு காதுகுத்தில் சவால் விட்டுவிட்டாள். மச்சான் எப்போதும்போல இரண்டு பேர் பேச்சுக்கும் தலையாட்டினார். அதனால் அந்த வீடு அக்காவுக்கு வெறும் வீடு இல்லை. சொன்ன சொல். அதில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் அவள் மானம் போய்விடும்.

வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற ஹால் சுவருக்கு, தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும், கையால் செய்த பீங்கான் டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அழகர்கோவில் ரோட்டில் ஒரு மேடம் சின்னதாகச் சூளை வைத்து, மண்ணைத் தட்டி, மேலே கண்ணாடி மாதிரி பூச்சு கொடுத்துச் சுட்டுத் தருகிறார். அக்கா அங்கே போய் ஒரு மாதிரியைப் பார்த்து மயங்கி, ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன கலர் தெரியுமா? பாசிப்பச்சை. எங்கள் கடையில் அந்த நிறத்துக்கு அதுதான் பெயர். (சுவரில் பாசி பிடிக்கும் என்று மாமனார் சாபம் விட்டுக்கொண்டிருக்கும்போது, காசு கொடுத்துப் பாசிக் கலரையே வாங்கிய என் அக்காவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.)

"நான் பத்திரிகை வைக்க அலையணும்டா. டைல்ஸ் உன் பொறுப்பு. உனக்குத்தான் கலர் தெரியுமே" என்றாள். போதாதா எனக்கு?

பெட்டிகள் வந்து இறங்கின. முதல் பெட்டியைப் பிரித்து இரண்டு டைல்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று பாசிப்பச்சை. இன்னொன்று பாசிப்பச்சைக்குச் சித்தப்பா பிள்ளை. மூன்றாவதை எடுத்தேன், அது யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியவில்லை. சரி, பெட்டி மாறிப்போயிருக்கும் என்று அடுத்த பெட்டியைப் பிரித்தேன். அதில் எல்லாமே ஒரு பிடி கருப்பு கூடி இருந்தன. அதற்கடுத்த பெட்டியில் எல்லாம் வெளுத்து, துவைத்துத் துவைத்துப் போன ப்ளவுஸ் மாதிரி கிடந்தன.

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். காலையில் பச்சையாக இருந்தது மத்தியானம் நீலத்துக்குச் சாய்ந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே அதே டைல்ஸ் சாம்பல் கலரில் முழித்தது. போதாக்குறைக்கு ஒரே டைல்ஸுக்குள்ளேயே ஓரம் ஒரு ஷேடு, நடு ஒரு ஷேடு. நான் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மற்ற கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறாகத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு டைல்ஸ் மேல் இருந்த சந்தேகம் போய் என் கண் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

டைல்ஸ் பதிக்க வந்திருந்த முருகேசன் அண்ணன் என்னைவிடக் குழம்பிப்போய் நின்றார். "நானும் எம்புட்டோ வீட்டுக்கு ஒட்டியிருக்கேன் தம்பி. எல்லாம் மிஷின்ல போட்டது, ஒண்ணு மாதிரியே ஒண்ணு இருக்கும். இதுல எது சரியான கலரு, எது தப்பான கலரு?" என்றார்.

"அதான்ணே எனக்கும் தெரியல" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

மேடத்துக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சிமெண்ட் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காளவாசலில் சிக்னலுக்கு நின்றபோது அவர்களே கூப்பிட்டார்கள். பின்னால் ஒரு பஸ்காரர், பச்சை விழுவதற்கு முன்னாலேயே ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. நான் வண்டியை ஓரங்கட்டி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"மேடம், கலரு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல!"

"கையில செஞ்சது சார், அப்படித்தான் இருக்கும். சூளையில எது எந்த எடத்துல இருந்துச்சோ அதுக்கேத்த மாதிரி கலர் வரும். தப்பில்ல."

"அப்ப எப்படி ஒட்டுறது?"

பாம்... பாம்... பாம்... அந்த ஹாரனுக்கு நடுவில் மேடம் சொன்னது என் காதில் இப்படி விழுந்தது: "ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாரையும் கலந்துக்கங்க சார். கலந்துக்கிட்டு ஒட்டுங்க. அதுதான் ரொம்ப முக்கியம். கலந்துக்காம மட்டும் ஒட்டிறாதீங்க!"

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எவ்வளவு பண்பான மனுஷி! டைல்ஸ் விற்றோமா, பணத்தை வாங்கினோமா என்று இல்லாமல், வீட்டில் எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய் என்கிறார்களே! இப்படிச் சொல்கிற கடைக்காரர் மதுரையில் எத்தனை பேர்? "சரிங்க மேடம், கட்டாயம் எல்லாரையும் கலந்துக்கிறேன்" என்றேன். அந்தப் பக்கம் அவர்களுக்கும் ஹாரன்தான் கேட்டிருக்கும் போல. "ஆங், அதேதான்" என்று வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கே கலந்துகொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் அப்பா. கடையைச் சாத்திவிட்டு வந்து டைல்ஸைப் பார்த்தவர், முகம் சுண்டிப்போய், "கட்டு கலந்துபோச்சுடா" என்றார். எங்கள் தொழிலில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. வேறு வேறு ஷேடு துணி ஒரே கட்டுக்குள் கலந்துவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. உடனே வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஷேடு வாரியா பிரி. வெளுப்பு தனி, கருப்பு தனி." அப்பாவும் நானும் சேர்ந்து பிரித்தோம். இளம்பாசி ஒரு அடுக்கு, நடுப்பாசி ஒரு அடுக்கு, கரும்பாசி ஒரு அடுக்கு. 'சந்தேகம்' என்று ஒரு அடுக்கு வைத்தோம். கடைசியில் பார்த்தால் அந்தச் சந்தேக அடுக்குதான் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பிரித்தார். அப்பா சந்தேகப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து அம்மா. "மேல வெளுப்பா இருந்தா வீடு வெளிச்சமா இருக்கும்டா" என்றாள்.

மச்சானைக் கேட்டேன். "உங்க அக்காகிட்டக் கேளு மாப்ள" என்றார். (அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நல்ல யோசனை இது. வழக்கம்போல மச்சான் தட்டிக் கழிக்கிறார் என்று நான் விட்டுவிட்டேன். அக்காவுக்கு எல்லாம் முடிந்த பிறகு காட்டி அசத்த வேண்டும் என்பது என் திட்டம்.)

எல்லாரையும் என்றால் அக்காவின் மாமனாரையும்தானே? கே.கே. நகருக்கே போனேன். தன்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்க வந்ததில் பெரியவர் குளிர்ந்துபோனார். காபி வந்தது, முறுக்கு வந்தது. "செவத்துல கீழ்ப் பக்கம்தான் மாப்ள அழுக்குப் படும். டார்க்கைக் கீழ போடு. போகப் போக வெளுப்பா மேல ஏத்து" என்றார்.

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! அப்பா சொன்ன ஷேடு வரிசை, அம்மா சொன்ன வெளுப்பு மேலே, மாமனார் சொன்ன கருப்பு கீழே. மூன்று பேர் யோசனையும் ஒன்றோடொன்று இடிக்கவில்லை. என் வாழ்க்கையில் குடும்பம் மொத்தமும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தச் சுவர்தான். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

முருகேசன் அண்ணன் ஒட்டினார். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள்தான் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்ட் அப்பி முடித்தார். அண்ணன் துடைப்பதற்குள் நான் கடையிலிருந்து ஒரு நீளமான லைனிங் துணியைக் கொண்டுவந்து திரை மாதிரி தொங்கவிட்டுவிட்டேன். அக்கா விலக்கப் போனாள். "நாளைக்குப் பாரு" என்று கையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அக்கா புதுப் பட்டுச் சேலையில், தலை நிறைய மல்லிகைப்பூவோடு, அடுப்பில் பால் வைத்தாள். பால் பொங்கியது. குலவை போட்டார்கள். இதுதான் சமயம் என்று நான் போய்த் துணியை இழுத்தேன்.

குலவை பாதியில் நின்றது.

தரையோரம் கருகருவென்று கரும்பாசி. அதற்கு மேலே கொஞ்சம் வெளுத்து. அதற்கு மேலே இன்னும் வெளுத்து. நெஞ்சு உயரத்தில் காய்ந்த மாதிரி நிறம். நடுவில் அந்தச் 'சந்தேக' அடுக்கு மட்டும் அங்கங்கே திட்டுத் திட்டாக மேலே ஏறியிருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் கட்டி நிற்கிற வீட்டுச் சுவர் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே இருந்தது. டைல்ஸ் பளபளப்புக்கு அது நனைந்து வேறு தெரிந்தது. ஓதத்தை அதற்கு மேல் சுத்தமாக யாராலும் படம் வரைய முடியாது.

மாமனார் மெதுவாக நடந்து வந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். மறுபடியும் வைத்தார்.

"ஈரம் இல்லையே" என்றார் குழப்பமாக. பிறகு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "இல்ல, ஈரந்தான்" என்றார்.

அவ்வளவுதான். வந்த சனம் முழுக்க வரிசையில் வந்து சுவரைத் தடவியது. ஒரு அத்தை கன்னத்தை வைத்துப் பார்த்தது. "தொட்டாக் காஞ்சிருக்கு, பாத்தா நனைஞ்சிருக்கு, இது என்ன கூத்து" என்றது. "வயக்காடுல்ல, உள்ளுக்குள்ள ஏறுது போல" என்றார் இன்னொருவர். "பால் காய்ச்சும்போதே பாசி புடிச்ச வீட்டை இப்பத்தான் பாக்குறேன்" என்று ஒரு குரல்.

"இல்ல மாமா, அது கலரு! கலரே பாசிப்பச்சைதான்!" என்று நான் ஊடே ஊடே கத்திக்கொண்டிருந்தேன். பாசி என்ற வார்த்தையை எத்தனை தரம் சொன்னேனோ, அத்தனை தரமும் அக்கா முகம் இன்னும் கொஞ்சம் செத்தது. அப்பா மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஷேடு வரிசை சரியாத்தானடா இருக்கு" என்று முணுமுணுத்தார்.

அக்கா சாமான் அறைக்குள் போனாள். பின்னாலேயே போனேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுடா இப்படி ஒட்டுன?"

"எல்லாரையும் கேட்டேன்க்கா. அப்பா, அம்மா, மச்சான், மாமா... அந்த மேடம்தான் எல்லாரையும் கலந்துக்கச் சொன்னாங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரையும் கலந்துக்கிட்ட. என்னையக் கலந்துக்கிட்டியா?"

குடியிருக்கப் போகிறவளை விட்டுவிட்டு ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறேன். வேறு வழி தெரியாமல், பழியை மேடம் மேல் போட்டுவிடலாம் என்று ஹாலுக்கு வந்து, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். (என் மூளை வேலை செய்கிற அழகு அப்படி.)

"மேடம், நீங்க சொன்ன மாதிரி எல்லாரையும் கலந்துக்கிட்டுத்தான் ஒட்டினேன். இப்பச் செவரு ஓதம் ஏறுன மாதிரி இருக்கு!"

"எல்லாரையுமா? யாரை சார்?"

"அப்பா, அம்மா, அக்கா மாமனாரு..."

என்னை முடிக்க விடாமல் மேடம் குறுக்கே பாய்ந்தார்கள்.

"சார், எல்லாத்தையும்னு சொன்னேன். எல்லாத்தையும்! டைல்ஸை! எல்லாப் பெட்டியையும் பிரிச்சு, சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணைக் கலந்து ஒட்டணும். அப்பத்தான் கருப்பும் வெளுப்பும் பரவி, மொத்தமாப் பாக்கையில ஒரே செவராத் தெரியும். ஐயய்யோ, நீங்க வரிசையா பிரிச்சு அடுக்கிட்டீங்களா?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. அந்த அத்தையாகத்தான் இருக்கும். ஹால் முழுக்கச் சிரிப்பு. முருகேசன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒரு எழுத்துக்கா தம்பி நான் இம்புட்டுச் சிமெண்ட்டக் கொழைச்சேன்?" என்றார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சுவரில் என் வெளுத்த முகத்துக்கு மேட்சிங்காக ஒரு அடுக்கு இருக்கத்தான் செய்தது.

சிரிக்காமல் நின்றவர் மாமனார் ஒருத்தர்தான். "என்னமோ சொல்றாங்க. எனக்கென்னமோ உள்ளுக்குள்ள ஈரம் இருக்கும்னுதான் தோணுது" என்றார்.

அப்போதுதான் அக்கா சாமான் அறையிலிருந்து வெளியே வந்தாள். நேரே போய், அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். புதுப் பட்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அது எங்கள் குடும்பத்துக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? அப்பா, "அடியே, சேலை!" என்று பதறினார். அவள் அசையவில்லை. "எல்லாரும் சாப்பிடுங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள். பந்தி முடிகிறவரை அப்படியே இருந்தாள்.

பிறகு எழுந்து, மாமனாருக்கு முன்னால் போய் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்க மாமா. ஈரமா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனால் துடைக்காமல் விட்ட வெள்ளைச் சிமெண்ட் தூள், கட்டம் கட்டமாக, முதுகு முழுக்க அச்சுப் பதிந்திருந்தது. மாமனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஈரம் இல்லம்மா. ஒத்துக்கிறேன். ஆனா செவரு உன்கூடவே வந்துருச்சு" என்றார்.

"கீழ டார்க்கைப் போடச் சொன்னது நீங்கதானாம்?" என்றாள் அக்கா. அவர் பாயசம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

இடித்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்று மச்சான்கூட வாய்திறந்து சொன்னார். அக்கா விடவில்லை. இன்றைக்கும் அந்தச் சுவர் அப்படியேதான் இருக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். எனக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும், "இருங்க, அவன் எல்லாரையும் கலந்துக்கணும்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். இப்போது என் மனைவி புளிக்குழம்பு வைப்பதா, பருப்புக் குழம்பு வைப்பதா என்பதற்குக்கூட அதையேதான் சொல்கிறாள்.

போன ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. அக்கா வீட்டில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாமனார் என் போனுக்குக் கூப்பிட்டார். கையில் டம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். மனுஷனுக்குக் குரலே எழும்பவில்லை.

"மாப்ள, நான் கேக்குறது உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம். இங்க நம்ம ஹால் செவுத்துல லேசா... ஒண்ணுமில்ல, லேசா ஒரு நெறம் மாறியிருக்கு. அந்த டைல்ஸ் மேடம் நம்பர் இருக்கா? அதே பாசிக்கலர் வாங்கி மேல ஒட்டிட்டா, யாராச்சும் கேட்டா டைல்ஸுன்னு சொல்லிரலாம் பாரு."

எனக்குப் புரை ஏறிவிட்டது. இருமி முடித்து, "இருக்கு மாமா. ஆனா ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாரையும்..." என்று ஆரம்பித்தேன்.

"டேய், ஒருத்தரையும் கலந்துக்காதடா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என் தோளுக்கு மேலாகப் போனைக் குனிந்து பார்த்துச் சொன்னாள்:

"மாமா, டார்க்கைக் கீழ போடுங்க. அழுக்குத் தெரியாது."